இருக்கிறவங்க தாள்

சனிக்கிழமை சாயங்காலம் அடுப்பம்மா தட்டை எடுக்கப் போனபோது சாப்பாடு வைத்தது வைத்தபடியே இருந்தது. கிழங்கு சூப்பின் மேல் ஆடை கட்டிவிட்டது. ரொட்டியில் விரல் பட்டிருக்கவில்லை. அவித்த முட்டையை மட்டும் இரண்டாக வெட்டி, வெட்டியதோடு விட்டிருந்தார் சாமியார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

"உடம்புக்கு முடியலையா சாமி?"

"பசி இல்லம்மா."

"மத்தியானமும் அரை வயிறுதான் சாப்பிட்டீங்க."

"எடுத்துட்டுப் போயிடுங்க. காலையில பாத்துக்கலாம்."

ஜன்னலுக்குத்தான் பதில் சொன்னார். ஒன்பது வருஷமாகத் தட்டை எடுக்கும்போதெல்லாம் முகத்தைப் பார்த்து, "நல்லா இருந்துச்சும்மா" என்று ஒரு வார்த்தை சொல்கிற மனுஷர். உப்பு கூடிப்போன நாளிலும் சொல்வார். அதனால் அடுப்பம்மா அவர் வாயை நம்புவதில்லை, தட்டைத்தான் நம்புவாள்.

கோயிலை ஒட்டிய அந்தச் சாமியார் வீட்டில் அவள் இருபத்தாறு வருஷமாகச் சமைக்கிறாள். மூன்று சாமியார்களுக்குச் சமைத்தாயிற்று. ஊரில் எல்லோருக்கும் அவள் அடுப்பம்மாதான். சொந்தப் பேர் கோயில் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது, அதை வெளியே எடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை சாமியார் கோயில் மூலையில் இருக்கும் மரக்கூண்டுக்குள் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார். ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து மண்டியிட்டுத் தங்கள் பாவத்தை அந்தச் சல்லடை ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்டதைச் சாமியார் கழுத்தை அறுத்தாலும் வெளியே சொல்லக் கூடாது. ஜாடையிலும் காட்டக் கூடாது. ஊர் பூராவும் கொட்டுகிற அழுக்கு ஒரு மனுஷன் வயிற்றுக்குள் போனால் அது எங்கேயாவது தெரியத்தானே செய்யும், அது தட்டில் தெரியும் என்பது அடுப்பம்மாவின் கணக்கு. முதல் சாமியார் கூண்டிலிருந்து வந்ததும் இரண்டு தட்டு சாப்பிடுவார், பாவம் கேட்டால் பசிக்கும் என்று சிரிப்பார். இரண்டாமவருக்குச் சனிக்கிழமை மட்டும் எதிலும் உப்பு போதாது. இப்போது இருக்கிறவர் ரொட்டியை மிச்சம் வைப்பார். கால் ரொட்டி மிச்சமென்றால் புருஷன் பெண்டாட்டி விவகாரம், பாதி மிச்சமென்றால் களவு என்று அவள் மருமகளிடம் வேடிக்கையாகச் சொல்வாள். முழுத் தட்டும் திரும்பி வந்தது அன்றைக்குத்தான். எந்தப் பாவி என்னத்தைச் சொன்னானோ என்று நினைத்துக்கொண்டே சூப்பைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றினாள்.

ஊர் என்று சொன்னால் ஒரு கல்குவாரியும், கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குகிற நாலு காளவாயும், அவற்றை நம்பி இருக்கிற வீடுகளும்தான். கூரை, மரம், கொடியில் காயும் துணி எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். அந்த ஊரில் எந்தக் காரியமும் சாமியார் வீட்டுப் பின்வாசலைத் தொடாமல் நடந்ததில்லை. பிள்ளை பிறந்தால் பதிவேடு அங்கே. பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவருடைய கடிதம் வேண்டும். குவாரியில் வேலைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெண்டாட்டியை அடிக்கிறவனைக் கூப்பிட்டு மிரட்டுவதும் அவர்தான். முதல் சாமியார் கைத்தடியோடு சாராயக்கடைக்குள் நுழைந்தால் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தவர்கள் இன்றைக்கும் ஊரில் இருக்கிறார்கள். குவாரிக்காரர்கள் வேலையை நிறுத்தியபோது முதலாளி வீட்டுக்குப் போய்ப் பேசி அவர்களைத் திரும்ப வேலைக்கு அனுப்பியதும் அவர்தான். கேட்டது பாதிகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து பாதி ஊர் அவரைக் கும்பிட்டது, மீதிப் பாதி முணுமுணுத்துக்கொண்டே கும்பிட்டது.

இரண்டு தாள் வாசிக்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. ஒருமுறை குவாரிச் சுவர் சரிந்து பதினோரு பேர் போனார்கள். அதில் ஒருவனுக்குப் பேர் சொல்ல ஆள் இல்லை. பேரில்லாமல் ஒருவனைக் குழிக்குள் இறக்கியது அவரை என்னவோ செய்துவிட்டது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பூசைக்கு முன்னால் இரண்டு தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். முதல் தாளில் நோயாளிகள், வெளியூர் போனவர்கள், பிரசவத்துக்குக் காத்திருப்பவர்கள். அது இருக்கிறவங்க தாள். இரண்டாவது, போனவங்க தாள். பேர் கொடுக்க வருகிறவர்கள் சமையல்கட்டு ஜன்னலில்தான் கொடுப்பார்கள். இரண்டாம் சாமியாருக்குக் கண் மங்கியதிலிருந்து அடுப்பம்மாவே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துப் பழகிவிட்டாள். நாலாம் வகுப்புக் கையெழுத்துத்தான், ஆனால் உருண்டையாக இருக்கும்.

ஆறு வருஷமாக இருக்கிறவங்க தாளில் முதல் பேர் அவளுடைய மகன் பேர்.

ஒரே மகன். குவாரியில் வெடி வைக்கிற வேலை, ஊரில் வெடிக்காரன் என்பார்கள். வேலைக்குத் தகுந்த கோபம். ஒரு திங்கட்கிழமை காலை சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. வேலைக்கே வரவில்லை என்றார் மேஸ்திரி. ரயிலேறிப் போனதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அந்த யாரோ யாரென்று கடைசிவரை தெரியவில்லை. முந்தின வாரம் யாருடனோ வாய்த்தகராறு, ரோஷத்தில் போயிருப்பான், கோபம் தணிந்தால் வருவான் என்று ஊர் அவளைத் தேற்றியது. தூக்குவாளியும் வரவில்லை. தூக்கு வராததில்தான் அவள் நம்பிக்கை வைத்திருந்தாள். சாப்பாட்டோடு போனவன் எங்கேயோ உட்கார்ந்து சாப்பிட்டிருப்பான் என்று.

தாளை வாசிக்கும்போது சாமியார் அந்த முதல் பேரைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து ஒருதரம் கோயில் வாசலைப் பார்ப்பார். அவன் அந்த நிமிஷம் உள்ளே வந்தாலும் வரலாம் என்கிற மாதிரி. அவரைப் பார்த்து அடுப்பம்மாவும் திரும்பிப் பார்ப்பாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டது. அந்த ஒரு பார்வைக்காகவே அவர் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்வதுண்டு.

ஆனால் ஒரு மாதமாக வீட்டில் நிம்மதி இல்லை. மருமகள் காளவாயில் சுண்ணாம்புச் சாக்குக்கு வாய் தைக்கிறவள். வயது இருபத்தொன்பது. லாரி எடை போடும் மேடையில் ஒருவர் இருக்கிறார், எடைமேடைக்காரர். பெண்டாட்டியை இழந்தவர், வார்த்தையையும் எடை போட்டுத்தான் பேசுவார். அவர் மருமகளைக் கேட்டார். அவளுக்கும் சம்மதம். இரண்டு பேருமாகச் சாமியாரிடம் போனார்கள். சாமியார் கையைப் பிசைந்துகொண்டு, புருஷன் இறந்துவிட்டான் என்பதற்குச் சாட்சி இல்லாமல் இன்னொரு கல்யாணத்தை எழுத எனக்கு அதிகாரம் இல்லை என்றார். பார்த்தவர்கள் யாராவது சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டும். பெற்ற தாய்க்கு நம்பிக்கையான சேதி வந்திருந்தால் அவள் சொல்லலாம், எனக்கு மேலே இருக்கிற ஆயருக்கு எழுதிக் கேட்பேன் என்றார்.

அன்று வீட்டில் நடந்த பேச்சு இது.

"ஆறு வருஷம் ஆச்சு அத்தை."

"அறுபது ஆகட்டும். என் புள்ள உயிரோட இருக்கான்."

"இருந்தா ஒரு கடுதாசி போட மாட்டாரா?"

"உன்மேல கோவமா இருக்கும்."

"என்கூட என்ன கோவம்? அன்னிக்குக் காலையில சிரிச்சுக்கிட்டுத்தானே போனாரு. நீங்களும்தானே பாத்தீங்க."

அடுப்பம்மா விளக்குத் திரியைத் தூண்டினாள். மருமகள் விடவில்லை.

"நான் உங்களை விட்டுட்டுப் போகப் போறதில்ல. அவரு இங்கயே வந்து இருக்கேன்னுதான் சொல்றாரு."

"வந்து? என் மகன் கட்டில்ல படுத்துக்கிறதுக்கா?"

மருமகள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு இருவரும் உப்பு இருக்கிறதா, கதவைச் சாத்தியாயிற்றா என்பதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த நிலைமையில்தான் அந்த முழுத் தட்டு திரும்பி வந்தது.

மறுநாள் பூசை. அடுப்பம்மா எப்போதும் போல இரண்டாவது பெஞ்சில் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள், முடிந்ததும் ஓடிப்போய் அடுப்பைப் பார்க்க அதுதான் வசதி. சாமியார் தாளை விரித்தார். இரண்டாவது பேரிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.

பின்னால் திரும்புவதற்குத் தயாராக இருந்த அவள் கழுத்து அப்படியே நின்றது. அவர் வாசித்துக்கொண்டே போனார். காசநோய்க்காரர், பிரசவத்துக்குக் காத்திருந்த பள்ளிக்கூடத்து டீச்சர், கப்பல் வேலைக்குப் போன அண்ணன் தம்பிகள். தாள் முடிந்தது. அடுத்ததை எடுத்தார். போனவர்கள் பேரையெல்லாம் வாசித்த பிறகும் தாளை மடிக்காமல் நின்றார். உதடு மட்டும் ஒருதரம் அசைந்தது, சத்தம் வரவில்லை.

கோயிலில் வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பூசை முடிந்து அவர் உடுப்பு மாற்றப் போனதும் அடுப்பம்மா மேடைக்குப் போய்த் தாளை எடுத்துப் பார்த்தாள். பேர் இருந்தது. உருண்டை எழுத்தில், முதல் வரியில், அவள் எழுதியபடியே இருந்தது.

திங்கட்கிழமை காலைக் கஞ்சியை வைக்கும்போது கேட்டாள்.

"சாமி, நேத்து ஒரு பேர் விட்டுப்போச்சு."

கரண்டி பாதியில் நின்றது.

"கண்ணு தப்பியிருக்கும்மா."

"வயசாகல உங்களுக்கு. அதுக்குள்ள கண்ணு தப்பினா எப்படி?"

"அடுத்த வாரம் தப்பாது. தப்பாமப் பாத்துக்கிறேன்."

சமையல்கட்டுக்குத் திரும்பி வந்து கிழங்கு நாலு சீவிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எந்தப் பேர் என்று அவர் கேட்கவே இல்லை.

அந்த வாரம் முழுக்க அவள் தனக்குத்தானே வழக்காடினாள். மனுஷர்தானே, ஒருநாள் மறக்காதா? கல்யாண விஷயத்தில் ஆயரிடமிருந்து ஏதாவது உத்தரவு வந்திருக்கும், பேரை எடுக்கச் சொல்லியிருப்பார்கள். அப்படியென்றால் சொல்ல வேண்டியதுதானே, என்ன பயம்? சாமியார் அவள் இருக்கும் பக்கமே வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் தானே வந்து, அவள் கொல்லைக்குப் போன நேரம் பார்த்து, எடுத்துக்கொண்டு போனார். வியாழக்கிழமை மழை பிடித்தது. அந்த ஊரில் மழை என்றால் கூரைத் தூசியெல்லாம் குழைந்து பால்போலத் தெருவில் ஓடும், செருப்பில் ஒட்டினால் காய்ந்தபிறகு கல்லாகிவிடும். சனிக்கிழமை மறுபடி தாள் எழுதினாள். முதல் வரியை மற்றதைவிடப் பெரிதாக எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் தாளை விரித்தார். அந்தப் பேரைத்தான் முதலில் வாசித்தார். நன்றாக, உரக்க, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். அடுப்பம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. வழக்கப்படி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் மழைதான் பெய்துகொண்டிருந்தது. மறுபடி முன்னால் திரும்பியபோது சாமியார் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாசலைப் பார்க்கவில்லை. அடுத்த பேரை வாசிக்காமல் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அப்போது புரிந்தது. அந்த வாசலில் யார் வருவார் என்று இனி பார்க்க வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு வருஷம் தெரியாதது ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் தெரிந்திருக்கிறது. யாரோ வந்து மண்டியிட்டுச் சொல்லியிருக்கிறான். செத்தவன் பேரை உயிரோடு இருக்கிறவர்களோடு சேர்த்து வாசிக்க முதல் வாரம் அவருக்கு நாக்கு எழவில்லை. விட்டது தப்பு, அதுவே ஒரு ஜாடை என்று பயந்து இந்த வாரம் உரக்க வாசிக்கிறார்.

எழுந்து கத்தியிருக்கலாம். அவள் கத்தவில்லை. பூசை முடியும்வரை உட்கார்ந்திருந்தாள், எல்லோரும் எழுந்தபோது எழுந்தாள், மண்டியிட்டபோது மண்டியிட்டாள். பிறகு போய் அடுப்பை மூட்டி மத்தியானச் சாப்பாடு செய்தாள். சூப்பில் உப்பே போடவில்லை என்பது பாத்திரம் கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது. சாமியார் அதை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்திருந்தார். அன்று தட்டும் காலியாகத்தான் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவள் எப்படிக் கடந்தாள் என்று அவளையே கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள். அழுகை வந்தது. பிள்ளையை நினைத்து வந்ததைவிட அந்தத் தூக்குவாளியை நினைத்து அதிகம் வந்தது. அதற்குள் என்ன வைத்து அனுப்பினோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள், ஞாபகமே வரவில்லை. அழுகையைவிட மோசமானது இன்னொன்று இருந்தது. அந்தச் சனிக்கிழமை கோயில் பக்கவாசலில் நுழைந்தவர்களைச் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து அவள் பார்த்திருக்கிறாள். பதினேழு பதினெட்டுப் பேர் இருக்கும். பெண்களைக் கழித்தால் எட்டு. எட்டுப் பேரையும் முகம் முகமாக நினைவுக்குக் கொண்டுவந்தாள். விறகு கொண்டுவந்து போடுகிறவர் அதில் ஒருவர். புதன்கிழமை வந்து, "எங்க இறக்கட்டும் அடுப்பம்மா?" என்று கேட்டவரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி தெருவில் குடையைச் சாய்த்து அவளை முதலில் போகவிட்டார், இவனா என்று நினைத்தாள். பள்ளிக்கூடத்து வாத்தியார், மணியடிக்கிறவர், காளவாய்க்குத் தீ போடுகிற இரண்டு பேர். எல்லோரும் அவள் மகனைத் தூக்கி வளர்த்தவர்கள், அல்லது அவனோடு விளையாடியவர்கள். இப்படியே போனால் எட்டுப் பேரையும் கொலைகாரர்களாக்கிவிட்டு இந்த ஊரில் யார் வீட்டுத் தண்ணீரையும் குடிக்க முடியாது என்று அவளுக்குப் பயம் வந்தது.

யாரிடமாவது சொல்லவும் வழியில்லை. மருமகளிடம் சொன்னால் மருமகள் எடைமேடைக்காரரிடம் சொல்வாள். அப்புறம் ஊர் முழுக்கத் தெரியும். சாமியார் பாவசங்கீர்த்தன ரகசியத்தை வெளியே காட்டிவிட்டார் என்று ஆகும், அவருடைய அங்கியைப் பிடுங்கிவிடுவார்கள். ஒரு பேரை வாசிக்க மனசு வராததுதான் அவர் செய்த குற்றம். அதற்காக அவரைக் காட்டிக்கொடுக்க அவளால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருமகள் வேலைவிட்டு வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் சாக்கு தைக்கிறவர்களின் கை படும் பாடு சொல்லி முடியாது. ஈரத்தில் சுண்ணாம்பு சுட்டு, விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும். அடுப்பம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்தாள்.

"கையக் கொடு."

"நானே போட்டுக்கிறேன் அத்தை."

"கொடுங்கிறேன்ல."

விரல் விரலாக எண்ணெய் தடவினாள். மருமகள் வலிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த எடைமேடைக்காரரை ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு."

மருமகள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். "எதுக்கு? அவரை வையுறதுக்கா?"

"வைய மாட்டேன். கட்டிலை வேணா அவரு சொந்தமாக் கொண்டுவரட்டும். பழசு ஆடுது."

"என்ன அத்தை பேசுறீங்க? சாமியார்தான் முடியாதுன்னுட்டாரே."

"நான் நாளைக்குப் போயி சத்தியம் பண்ணப் போறேன்."

"என்னன்னு?"

அடுப்பம்மா கட்டைவிரலுக்கு எண்ணெய் போட்டு முடித்தாள்.

"சேதி வந்துச்சுன்னு."

"வந்துச்சா?" மருமகளின் குரல் மாறிவிட்டது. "அத்தை, நெஜமாச் சொல்லுங்க. யாரு வந்து சொன்னாங்க? எப்ப?"

"வந்துச்சு. அதுக்குமேல கேக்காத. என் வாயால ஒருதரம்தான் சொல்ல முடியும், அதை அங்க போயி சொல்லிக்கிறேன்."

மருமகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருந்தவளுக்கு அந்த முகத்தைப் படிக்கத் தெரியும். எண்ணெய்க் கையோடு மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடுப்பம்மாவும் அழுதாள். இரண்டு பேரும் சேர்ந்து அவனுக்காக அழுதது அதுதான் முதல் தடவை. அதுவரை ஒருத்தி அழுதால் இன்னொருத்தி அபசகுனம் என்று அதட்டிவிடுவாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் சமையல்கட்டு வழியாகப் போகாமல், ஊர்ஜனம் வருகிற மாதிரி முன்வாசல் வழியாகச் சாமியாரின் எழுத்தறைக்குள் போனாள். துவைத்த சேலை கட்டியிருந்தாள். சாமியார் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னம்மா இந்தப் பக்கமா?"

"சாட்சி சொல்ல வந்திருக்கேன் சாமி. என் மகன் விஷயமா."

அவர் நிறத்தில் பாதி போய்விட்டது. "உக்காருங்கம்மா."

"நின்னே சொல்றேன். அவன் செத்துட்டான்னு எனக்குச் சேதி வந்துச்சு. பெத்தவ சொன்னா எழுதிக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க."

"யாரு கொண்டுவந்தாங்க சேதி?"

"தூர ஊர்லேருந்து ஒருத்தர். ரயில்ல வந்தாரு. சொல்லிட்டு அடுத்த ரயில்ல போயிட்டாரு."

சாமியார் பேனாவை எடுக்கவில்லை. மேசைமேல் இருந்த வேதப்புத்தகத்தை அவள் பக்கமாகத் தள்ளவும் இல்லை.

"அம்மா, இதுமேல கைய வச்சுப் பொய் சொல்றது பெரிய பாவம்."

"தெரியும் சாமி. மூணு சாமியாரோட பிரசங்கத்தையும் ரெண்டாவது பெஞ்சிலேருந்து கேட்டவ நான்."

"அப்புறம் எதுக்கு?"

"அந்தப் பாவத்தை நான் தூக்கிக்கிறேன். உங்ககிட்ட இருக்கிறது உங்களுக்குப் போதும்."

அவர் தலை நிமிர்ந்தது. பதினான்கு நாளாகப் பார்க்காத முகத்தை அன்றுதான் பார்த்தார். என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்க அவருக்கு வாயில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லவும் வாயில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் அது ஜாடை. அடுப்பம்மாவும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அந்த மனுஷர் செத்தே போவார் என்று தோன்றியது. தானே வேதப்புத்தகத்தை இழுத்து அதன்மேல் வலது கையை வைத்தாள். அடுப்புச் சூடு பட்டுப் பட்டுத் தழும்பேறிய கை.

"எழுதுங்க சாமி."

எழுதினார். பேர், வயது, தொழில், மனைவி பேர். சேதி கொண்டுவந்தவர் பேர் தெரியாது. இறந்த நாள் சரியாகத் தெரியாது. ஆயர் அலுவலகத்துக்குப் போகிற தாளில் வரிசையாகக் கேள்விகள் அச்சிட்டிருந்தன, ஒன்றை விட முடியாது. கடைசிக்கு முந்தின கேள்விக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு தலையைக் குனிந்தபடியே வாசித்தார்.

"அடக்கம் பண்ண இடம்."

அவள் எல்லாவற்றுக்கும் பதில் தயார்செய்து வந்திருந்தாள். இதை மட்டும் நினைக்கவில்லை. ஏதோ ஒரு ஊர்ப் பேரைச் சொல்லலாமென்று வாயைத் திறந்தாள். சொல்ல முடியவில்லை. அந்த இடம் எங்கேயோ நிஜமாகவே இருக்கிறது. தினமும் தண்ணீருக்குப் போகிற வழியில் இருக்கலாம். தண்ணீர் நிறைந்து கிடக்கும் பழைய குவாரிக் குழியாக இருக்கலாம். காளவாயாகவும் இருக்கலாம், அப்படியென்றால் அவன் இந்த ஊர்க் கூரைகளின் மேலேயே இருப்பான். அது தெரிந்த ஒரு மனுஷர் மூன்றடி தூரத்தில் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"எனக்குத் தெரியாது சாமி" என்றாள். "என்கிட்டயா கேக்குறீங்க?"

சாமியார் இடது கையால் கண்ணை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. ஒன்பது வருஷம் சோறு போட்டவளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மேசையைச் சுற்றிப்போய் அவர் முதுகில் கை வைக்கலாமா என்று நினைத்தாள், சாமியாரைத் தொடக் கூடாதென்று நின்றுவிட்டாள்.

"தெரியாதுன்னே எழுதிக்கோங்க" என்றாள். "ஊர்ல அப்படி எத்தனையோ பேர் இருக்காங்க."

எழுதினார். அவள் உருண்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"மூணு மணிக்குக் கூண்டுக்கு நான் வரல சாமி. இந்தப் பொய்யை உங்ககிட்டயே வந்து சொன்னா நல்லாருக்காது. ஆயர் சுத்துக்கு வரும்போது அவர்கிட்ட சொல்லிக்கிறேன்."

"சரிம்மா."

"ராத்திரிக்கு முட்டை போடவா?"

"போடுங்கம்மா" என்றார் சாமியார்.

அன்று மத்தியானம் இரண்டு தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருக்கிறவங்க தாளில் முதல் வரியாகக் காசநோய்க்காரர் பேரை எழுதினாள். போனவங்க தாளை எடுத்து அதன் முதல் வரியில் மகன் பேரை எழுதினாள். முதல் எழுத்துக்கு மட்டும் கை வரவில்லை, ஒருதரம் அடித்து எழுத வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. மருமகள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எடைமேடைக்காரர் ஆண்கள் பக்கம் கடைசியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சாமியார் முதல் தாளை வாசித்து மடித்தார். இரண்டாவதை விரித்தார். அந்தப் பேரை மெதுவாக, சின்னப் பிள்ளையைத் தூக்கத்தில் கூப்பிடுகிற மாதிரி வாசித்தார். கோயில் முழுக்க ஒரு மூச்சுச் சத்தம் எழுந்தது. பெண்கள் பக்கம் யாரோ விசும்பினார்கள். மருமகள் அவள் கையைப் பிடித்தாள்.

பிறகு ஆண்கள் பக்கம் ஒருவருடைய தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் மாதிரி ஆரம்பித்து இருமலாக முடியாத சத்தம். ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ எழுந்து வெளியே போக நினைத்து, போகாமல் திரும்ப உட்கார்ந்தார்கள்.

ஆறு வருஷமாக இந்தப் பேரைக் கேட்டதும் திரும்பிப் பழகிய கழுத்து. ஒரு தடவை திரும்பினால் போதும், எட்டுப் பேரில் ஒருவன் மிஞ்சுவான். அடுப்பம்மா மருமகளின் வெடித்த விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எதிரே சாமியார் தாளைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பவில்லை.